கரிசல் விதையும் கணினிப் பிரதியும்

ஐப்பசி மாதத்துக் காலைப்பொழுது. கோவில்பட்டிக்கு அப்பாலுள்ள ஒரு கரிசல் கிராமத்திலிருந்து முதல் பேருந்தில் வந்து இறங்குகிறார் ஒரு விவசாயி. உளுந்து விதைத்த மானாவாரி நிலத்துக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வேண்டும். அதற்குச் சிட்டா நகல் தேவை. இ-சேவை மையத்தின் வாசலில் வரிசையில் நின்று, தம் முறை வந்ததும் பட்டா எண்ணைச் சொல்கிறார். கணினியின் முன் அமர்ந்திருக்கும் பெண் இரண்டு முறை பொத்தானைத் தட்டிப் பார்க்கிறார். திரையில் அசைவில்லை.

"சர்வர் இல்ல அண்ணாச்சி. மத்தியானத்துக்கு மேல வாங்க."

நம்மில் எவருக்கும் பழகிப்போன காட்சி இது. வங்கியிலும் அஞ்சலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் இதே சொல் நம் காதில் விழுகிறது. கேட்டுவிட்டு நாமும் திரும்பி விடுகிறோம். ஆனால் திரும்பும் வழியில் ஒரு கணம் சிந்தித்ததுண்டா? இல்லாமற்போன அந்தச் சர்வர் யார்? அது எங்கே இருக்கிறது? அது இல்லாத நேரத்தில் நம் நிலத்தின் கணக்கு எங்கே இருக்கிறது? என்றேனும் ஒரு நாள் அது திரும்பி வராமலே போய்விட்டால் என்ன ஆகும்?

அன்பு வாசகர்களே! இக்கேள்விகளுக்கு விடை காணக் கணினிப் பட்டம் தேவையில்லை. கரிசல் காட்டு விவசாயி தலைமுறை தலைமுறையாக அறிந்துவைத்துள்ள ஓர் உண்மையை நினைவிற் கொண்டால் போதும். அது என்னவென்று படிப்படியாகக் காண்போம்.

சர்வர் என்பவர் யார்?

உணவு விடுதிக்குச் செல்கிறோம். மேசையில் அமர்ந்து கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவரைச் சர்வர் என்றே அழைக்கிறோம். கணினி உலகின் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. இ-சேவை மையத்தில் இருப்பது மேசை. பட்டா எண்ணைத் தட்டுவது, 'எனக்கு இன்னது வேண்டும்' என்று கேட்பதாகும். அக்கேள்வி கம்பி வழியே சென்னை போன்ற ஏதோவொரு நகரத்தில் குளிரூட்டப்பட்ட கூடத்தில் இருக்கும் சர்வரைச் சென்றடைகிறது. சர்வர் உள்ளே சென்று, தேடி எடுத்து, பரிமாறுகிறது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான மேசைகளுக்கு அது பரிமாற வேண்டும்.

விடுதியில் உணவு இருக்குமிடம் சமையற்கட்டு. கணினியில் விவரங்கள் இருக்குமிடத்தைச் 'சேமிப்பகம்' என்கிறோம். இந்த வேறுபாட்டை நன்கு மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சர்வருக்குக் காய்ச்சல் வந்து அவர் விடுப்பில் சென்றால் உணவு வருவது தாமதமாகும். சமையற்கட்டில் உள்ள உணவுக்கு எந்தக் குறையும் வராது. 'சர்வர் இல்லை' என்று நமக்குச் சொல்லப்படும்போது பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். கம்பி அறுந்திருக்கலாம், மின்சாரம் போயிருக்கலாம், ஒரே நேரத்தில் கூட்டம் மிகுந்து இயந்திரம் திணறியிருக்கலாம். சில மணி நேரத்தில் சரியாகிவிடும்.

ஆனால் சமையற்கட்டே தீப்பற்றினால்? அதற்குப் பெயர் பேரிடர். அதிலிருந்து மீள்வதற்கு முன்கூட்டியே செய்துவைக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் 'பேரிடர் மீட்பு'. இக்கட்டுரையின் உயிர்நாடி அதுவே.

எழுத்தின் எடை

முதலில் அளவைகளைத் தெரிந்துகொள்வோம். படி, மரக்கால், கோட்டை என்று தானியத்துக்கு அளவை இருப்பதுபோலக் கணினி விவரத்துக்கும் அளவை உண்டு. கணினி அறிந்தவை இரண்டே குறிகள்: சுழியம், ஒன்று. அக்குறி ஒன்றுக்குப் பெயர் பிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஏறத்தாழ ஆயிரம் பைட் ஒரு கிலோபைட். ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட். ஆயிரம் மெகாபைட் ஒரு கிகாபைட். ஆயிரம் கிகாபைட் ஒரு டெராபைட்.

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இன்று இணையத்தில் பெருவழக்காக உள்ள யூனிகோட் முறையில் தமிழின் 'அ'வுக்கு மூன்று பைட் தேவை. 'கரி' என்பதில் வரும் 'ரி'யைப் போன்ற உயிர்மெய்யில், மெய்க்கு மூன்றும் கொம்புக்கோ சுழிக்கோ மூன்றுமாக ஆறு பைட் ஆகின்றன. 'கரிசல்' என்ற நான்கெழுத்துச் சொல் 18 பைட் இடம் பிடிக்கிறது. தாங்கள் படிக்கும் இக்கட்டுரை முழுவதும் 100 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படமோ இரண்டு மூன்று மெகாபைட்டை விழுங்கிவிடுகிறது. 1990களில் நாம் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த ஃபிளாப்பியின் கொள்ளளவு 1.44 மெகாபைட். இன்றைய புகைப்படம் ஒன்றைக்கூட அதில் அடைக்க இயலாது. ஆனால் ஒரு சிறிய ஊரின் பெயர்ப்பட்டியலை அது தாராளமாகத் தாங்கும்.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. நம் வாழ்வை நிலைநிறுத்தும் விவரங்களான பெயர், பிறந்த நாள், நிக்காஹ் நடந்த நாள், நிலத்தின் புல எண், கடன் கணக்கு ஆகியவை எடையில் மிகக் குறைந்தவை. அவற்றைப் பலமுறை படியெடுத்து வைக்க ஆகும் செலவும் சொற்பமே.

மறக்கும் நினைவும் மறவாத தட்டும்

கணினிக்குள் விவரம் தங்குமிடங்கள் இரண்டு வகை. ஒன்று 'ரேம்' எனப்படும் தற்காலிக நினைவகம். கடைக்காரர் மனத்துக்குள் போடும் கூட்டலைப் போன்றது அது. மின்சாரம் நின்ற கணமே அதிலுள்ளவை அழிந்துவிடும். பாதி எழுதிய கடிதம் மின்வெட்டில் காணாமற்போவதற்குக் காரணம் இதுவே.

மற்றது நிலையான சேமிப்பகம். இதில் மூத்தது ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு. காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, நுண்ணிய முள் ஒன்று அவற்றின்மீது படாமல் மிதந்து எழுதும், படிக்கும். ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து சுமந்தவை 50 இலட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு பல டெராபைட்டைச் சுமக்கிறது. ஆனால் சுழல்வது தேயும். கீழே விழுந்தால் முள் உராயும். வெப்பமும் தூசியும் அதற்குப் பகை. கரிசல் பூமியின் கோடையையும் செம்மண் கலந்த காற்றையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது எஸ்.எஸ்.டி. அதில் சுழலும் பாகம் ஏதுமில்லை. மின்னேற்றத்தைச் சிறைப்பிடித்து விவரத்தைக் காக்கிறது. பென் டிரைவும் கைப்பேசியின் நினைவு அட்டையும் இதன் உறவினர்களே. வேகம் மிகுதி, அதிர்ச்சியைத் தாங்கும். ஆயினும் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் பெட்டிக்குள் போட்டுவைத்தால் சிறைப்பட்ட மின்னேற்றம் மெல்லக் கசிந்துவிடக்கூடும்.

மூன்றாவது, பலரும் மறைந்துவிட்டதாக எண்ணும் காந்த நாடா. பழைய ஒலிப்பேழையின் பங்காளி. பெரிய நிறுவனங்கள் இன்றும் அதைக் கைவிடவில்லை. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழை ஒன்றினால் ஜிமெயில் பயனர்களில் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்கள் அனைத்தும் மறைந்தன. கூகுள் பல மையங்களில் வைத்திருந்த பிரதிகளிலும் அப்பிழை புகுந்துவிட்டது. இறுதியில் கைகொடுத்தது, கணினியோடு இணைக்கப்படாமல் தனியே இருந்த நாடாப் பிரதியே. நாகரிகம் முற்றிய நிறுவனத்தைக் காத்தது அலமாரியில் உறங்கிய நாடா!

இரட்டைத் தட்டு பிரதியாகுமா?

சர்வரில் ஒரே தட்டை நம்பியிருப்பதில்லை. ஒரே விவரத்தை இரண்டு தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். இவ்வகை ஏற்பாடுகளுக்கு 'ரெய்டு' என்று பெயர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுரையால் இப்பெயர் நிலைபெற்றது.

ரெய்டு இருக்கிறதே, பிறகு பிரதி எதற்கு என்று கேட்பவர் பலர். இங்கேதான் தவறு நேர்கிறது. கண்ணாடியின் முன் நின்று ஒருவர் தம் தலைமுடியை மழித்துக்கொண்டால், கண்ணாடியில் தெரிபவருக்கும் முடி போய்விடும் அல்லவா? ஒரு பதிவைத் தவறுதலாக அழித்தால் அதே நொடியில் இரண்டாம் தட்டிலும் அது அழிந்துவிடுகிறது. தட்டு பழுதாவதை ரெய்டு தாங்கும். கை தவறியதையும் தீயையும் திருடனையும் அது தாங்காது.

குலுக்கையும் குடுக்கையும்

இனி, நாம் தொடக்கத்தில் சொன்ன கரிசல் உண்மைக்கு வருவோம்.

தெற்கத்திக் கிராமத்து வீடுகளில் மண்ணால் செய்த குலுக்கை இருக்கும். அறுவடையான கம்பும் சோளமும் அதில் நிரம்பும். வீட்டார் அன்றாடம் அதிலிருந்து எடுத்துச் சமைப்பார்கள். ஆனால் அடுத்த ஆண்டுக்கான விதை அக்குலுக்கையில் இருப்பதில்லை. நல்ல கதிராகத் தேர்ந்து, உலர்த்தி, சாம்பல் கலந்து, தனிக் கலயத்தில் வைத்து வாய்மூடுவார்கள். காய்கறி விதைகள் சுரைக்குடுக்கைக்குள் போய் உத்தரத்தில் தொங்கும். எத்தனை பசி வந்தாலும் விதைத் தானியத்தில் கை வைப்பது குற்றம் என்று கருதப்பட்டது. மானாவாரிப் பூமியில் முதல் மழையை நம்பி விதைத்தது கருகிவிட்டால் மறுவிதைப்புக்கு வழி வேண்டுமே!

கணினியில் நாள்தோறும் புழங்கும் விவரம் குலுக்கைத் தானியம். அதன் பிரதியாகத் தனியே எடுத்துவைப்பது விதை. இதையே 'பேக்கப்' என்கின்றனர். காப்புப் பிரதி என்று நாம் சொல்லலாம்.

காப்புப் பிரதி எடுப்பதில் முறைகள் உண்டு. கடைக்காரர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். கடையில் இரண்டு ஏடுகள்: அன்றாட வரவு செலவை எழுதும் சிட்டை, எல்லாவற்றையும் ஆள்வாரியாகத் திரட்டி எழுதும் பேரேடு. பேரேட்டை முழுமையாகப் படியெடுப்பது 'முழுப் பிரதி'. அதற்கு நேரமும் இடமும் அதிகம். ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் பேரேட்டைப் படியெடுத்துவிட்டு, மற்ற நாட்களில் அன்றன்றைய சிட்டையை மட்டும் படியெடுப்பார்கள். அது 'கூடுதல் பிரதி'. இடம் மிச்சமாகும், ஆனால் மீட்கும்போது பேரேட்டோடு எல்லாச் சிட்டைகளையும் வரிசை பிசகாமல் சேர்க்க வேண்டும், நடுவில் ஒரு நாள் காணாமற்போனால் கணக்கு உதைக்கும். மூன்றாவது முறை, வெள்ளிக்கிழமைக்குப் பின் மாறியவை அனைத்தையும் ஒவ்வொரு நாளும் சேர்த்தே எடுப்பது. அது 'வேறுபாட்டுப் பிரதி'. மீட்பதற்குப் பேரேடும் கடைசி நாள் பிரதியும் போதும்.

கொட்டகைக்குக் கொட்டகை இடைவெளி

சாத்தூர், சிவகாசிப் பக்கம் சென்றவர்கள் பார்த்திருக்கலாம். பட்டாசு ஆலையில் கொட்டகைகள் ஒட்டிக் கட்டப்படுவதில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றில் தீப்பற்றினால் மற்றதற்குத் தாவக்கூடாது. விதியை மீறிய இடங்களில் நேர்ந்த துயரங்களை இவ்வட்டாரம் கண்ணீரோடு அறியும்.

பிரதிக்கும் இதே விதிதான். எடுத்த பிரதியை அதே மேசையில், அதே அறையில், அதே கட்டடத்தில் வைத்தால் அது பிரதியே அன்று.

தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் தென்கொரியா இதை 2025இல் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அந்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று டேஜோன் நகரிலுள்ள அரசின் தேசியத் தகவல் வள மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. 709 அரசு அமைப்புகள் முடங்கின. ஏறத்தாழ 1,25,000 அரசு ஊழியர்கள் தம் பணிக் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி-டிரைவ்' என்ற சேமிப்பகம் அடியோடு அழிந்தது. அதிலிருந்தவை 858 டெராபைட். கொள்ளளவு மிகப் பெரியது என்ற காரணத்தால் அதற்கு வெளியே பிரதி எடுக்கப்படவில்லை. பல ஆண்டுப் பணி ஒரே இரவில் புகையாயிற்று. வசதியும் அறிவும் அவர்களிடம் இருந்தன. இல்லாதது விதைக்கென்று ஒதுக்கிய ஒரு பங்கு.

நம் மாநிலத்தில் என்ன ஏற்பாடு? தமிழக அரசின் மாநிலத் தரவு மையம் சென்னைப் பெருங்குடியில் உள்ளது. சதுப்பு நிலமும் கடலும் அருகே. 2015 வெள்ளத்தைக் கண்ட நகரம். ஆகவே அதற்கான பேரிடர் மீட்பு மையம் 300 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி, திருச்சிராப்பள்ளியில் அமைக்கப்பட்டது. ஒரே புயலோ ஒரே வெள்ளமோ இரண்டையும் ஒருசேரத் தொடக்கூடாது என்பதே கணக்கு.

இத்தகைய மாற்று மையங்கள் மூன்று வகை. எல்லா இயந்திரங்களும் ஓடிக்கொண்டே, விவரங்களும் உடனுக்குடன் வந்து சேர்ந்துகொண்டே இருப்பது 'வெப்ப மையம்', அடுப்பெரியும் வீடு. இயந்திரங்கள் இருக்கும், ஆனால் கடைசிப் பிரதியை ஏற்றிய பிறகே இயங்கும் என்பது 'வெதுமையம்'. அரிசியும் விறகும் தயாராக இருக்கும் வீடு. இடமும் மின்சாரமும் மட்டும் இருப்பது 'குளிர் மையம்', பூட்டிய வீடு. முதன்மை மையம் வீழ்ந்ததும் பணியை மாற்று மையம் ஏற்றுக்கொள்வதற்குப் 'ஃபெயில்ஓவர்' என்று பெயர். 'கிளவுடு' என்று மேகத்தின் பெயரால் அழைக்கப்படுவதும் வானத்தில் இல்லை. தொலைவில் வேறொருவர் நடத்தும் இத்தகைய கூடத்தில் நாம் வாடகைக்கு எடுத்த ஒரு மூலையே அது.

இரண்டே கேள்விகள்

எவ்வளவு ஏற்பாடு தேவை? இதை முடிவு செய்ய வல்லுநர்கள் இரண்டு கேள்விகளை எழுப்புகின்றனர்.

முதலாவது: எவ்வளவு விவரத்தை இழந்தால் நம்மால் தாங்க முடியும்? வாரம் ஒருமுறை பிரதி எடுப்பவர், ஆறு நாள் கணக்கை இழக்கச் சம்மதித்தவர். இதற்கு ஆர்.பி.ஓ. என்று பெயர், மீட்புப் புள்ளி எனலாம். இரண்டாவது: மீண்டு எழ எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்? இதற்கு ஆர்.டி.ஓ. என்று பெயர், மீட்பு நேரம் எனலாம். கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கும் கோவில்பட்டியில் ஆர்.டி.ஓ. என்றதும் வேறு நினைவு வருவது இயல்பே. இது அந்த ஆர்.டி.ஓ. அன்று!

வங்கிக்கு ஒரு நிமிடப் பதிவு தொலைந்தாலும் ஆபத்து. ஆகவே அது வெப்ப மையத்துக்குச் செலவிடுகிறது. கடலைமிட்டாய்க் கடைக்கு ஒரு நாள் கணக்கு போனால் நினைவிலிருந்து எழுதிவிடலாம். பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டுக்கோ ஒரு வாரம் காத்திருப்பதில் நட்டமில்லை. ஆனால் ஒரு பதிவும் தொலையக் கூடாது. ஆளுக்குத் தக்க அளவு. அளவுக்குத் தக்க செலவு.

பூட்டுப் போட்டுப் பணம் கேட்கும் திருடன்

தீயும் வெள்ளமும் மட்டுமே பேரிடர் அல்ல. ரான்சம்வேர் என்றொரு தீநிரல் உண்டு. அது விவரத்தைத் திருடிச் செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே நம் பெட்டிக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும். 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இவ்வாறு முடக்கப்பட்டன. நோயாளிகளின் பதிவுச் சீட்டு முதல் ஆய்வக முடிவு வரை கையால் எழுதும் நிலை வந்தது. பணிகளில் பெரும்பாலானவை சீராக இரண்டு வாரங்கள் பிடித்தன. எப்படி மீண்டார்கள்? தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு காப்புச் சர்வரில் இருந்த பிரதியைக் கொண்டுதான். அந்த ஒரு பிரதியும் பூட்டப்பட்டிருந்தால் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். பிரதிகளில் ஒன்றேனும் எப்போதும் கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

முளைக்குமா என்று பார்த்தீர்களா?

அனுபவமுள்ள விவசாயி விதைக் கலயத்தைத் திறந்ததும் நேரே காட்டுக்கு ஓடுவதில்லை. ஒரு பிடி விதையை ஈரத் துணியில் முடிந்துவைத்து, நூற்றுக்கு எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார். வண்டு துளைத்த விதையை நம்பி உழவு செய்தால் மழையும் வீண், உழைப்பும் வீண்.

காப்புப் பிரதிக்கும் இந்தச் சோதனை வேண்டும். ஆண்டுக்கணக்கில் பிரதி எடுத்துக்கொண்டே இருந்து, தேவைப்பட்ட நாளில் திறந்தால் வெறும் கோப்புறை மட்டும் இருந்த கதைகள் கணினி உலகில் ஏராளம். எனவேதான் வங்கிகள் குறித்த காலத்தில் மாற்று மையத்திலிருந்து பணியை நடத்திப் பார்க்கும் ஒத்திகையைச் செய்கின்றன.

விதையும் பிரதியும் ஒன்றே என்பதற்கு உவமையைத் தாண்டிய ஓர் உண்மைச் சம்பவமும் உண்டு. சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே, வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இகார்டா என்ற நிறுவனத்தின் விதை வங்கி இருந்தது. கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை, பயறு என்று ஆயிரமாயிரம் நாட்டு இரகங்கள் அதில் இருந்தன. உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கே பணி தொடர முடியாமற்போயிற்று. ஆனால் அவர்கள் முன்னெச்சரிக்கையாக, 2008இல் திறக்கப்பட்ட நார்வேயின் ஸ்வால்பார்டு பனிமலைப் பெட்டகத்துக்கு ஒரு பிரதியை அனுப்பிவைத்திருந்தார்கள். 2015இல் அதைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017இல் புதிய விதையை மீண்டும் அப்பெட்டகத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். பிரதி எடுத்தல், தொலைவில் வைத்தல், மீட்டல், மறுபடியும் பிரதி எடுத்தல் என்னும் நான்கு பாடங்களும் இந்த ஒரு செய்தியில் அடங்கியுள்ளன.

இதற்கு மறுபக்கமும் தமிழர் அறிந்ததே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களை மீண்டும் திரட்ட முடிந்தது. படியெடுக்கப்படாதிருந்த ஏட்டுச் சுவடிகள் மீளவேயில்லை.

நமக்குப் புதிதன்று

படியெடுத்துப் பரப்பிக் காக்கும் இந்த ஒழுங்கு நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. யமாமா போரில் திருமறையை நெஞ்சில் சுமந்த நபித்தோழர்கள் பலர் ஷஹீதானபோது, மனனம் செய்தோர் குறைந்துவிடுவார்களே என்ற கவலை உமர் (ரலி) அவர்களுக்கு எழுந்தது. அவர்களின் ஆலோசனையின்பேரில் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், திருமறையை ஒன்றுதிரட்டும் பொறுப்பை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் பிரதிகள் எழுதப்பட்டுப் பல நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. நெஞ்சில் ஒன்று, ஏட்டில் ஒன்று, ஊர்தோறும் ஒன்று. காப்பவன் அல்லாஹ்வே, ஆயினும் அந்தப் பெருமக்கள் முயற்சியைக் கைவிட்டு அமர்ந்திருக்கவில்லை என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

நம் இல்லமும் நம் மஹல்லாவும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இம்மாவட்டம் ஓராண்டு முழுதும் காணும் சராசரி மழையைவிட அதிகம்! மழையை அண்ணாந்து பார்த்தே பழகிய கோவில்பட்டியும் அந்த இரவில் பெருமழையில் நனைந்தது. தாமிரபரணிக் கரையோர ஊர்களில் வீட்டுக்குள் ஆளுயரத் தண்ணீர் புகுந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்களும் மதிப்பெண் சான்றிதழ்களும் கடவுச்சீட்டுகளும் கூழாயின. அரசுப் பதிவேட்டில் உள்ளவற்றுக்கு மனுச் செய்து மறுபிரதி பெற வழியுண்டு. ஆனால் ஒரு மஹல்லாவின் பழைய நிக்காஹ் தஃப்தர் கரைந்துபோனால் அதன் மறுபிரதியை எந்த அலுவலகத்தில் கேட்பது?

சற்றே எண்ணிப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த நிக்காஹுக்குச் சான்று அந்தப் பதிவேட்டின் ஒரே ஒரு வரி. மஹர் எவ்வளவு, சாட்சிகள் யார் என்பதும் அதில்தான். விதவையான ஒரு தாய் ஓய்வூதியத்துக்கோ வாரிசுச் சான்றுக்கோ அலையும்போது அந்த வரியே அவருக்குத் துணை. வக்ஃபு நிலத்தின் ஆவணமும் மையவாடியின் அடக்கப் பதிவும் அவ்வாறே. அவற்றைக் கரையான் அரிக்கும் அலமாரியில் ஒற்றைப் பிரதியாக விட்டுவைப்பது அமானிதத்துக்கு அழகாகுமா? கணினியில் ஏற்றிவிட்டோம் என்று நிம்மதி கொள்ளும் நிர்வாகங்களும் உண்டு. அந்தக் கணினியும் அதன் பென் டிரைவும் அதே அலமாரியில்தானே இருக்கின்றன!

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ என்பவர் பரப்பிய எளிய விதி ஒன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது: மூன்று, இரண்டு, ஒன்று. எந்த விவரமும் மூன்று பிரதிகளாக இருக்கட்டும். அவை இரு வேறு வகைப் பொருள்களில் இருக்கட்டும். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். இதை நம் நிலைக்கு ஏற்பச் செய்வது கடினமன்று.

வீட்டில்: முக்கிய ஆவணங்கள் ஒவ்வொன்றையும் தெளிவாகப் படமெடுங்கள். ஒரு பிரதி கைப்பேசியில். ஒரு பிரதி பென் டிரைவில் போட்டு வெளியூரில் இருக்கும் மகளிடமோ சகோதரரிடமோ. ஒரு பிரதி கடவுச்சொல்லால் காக்கப்பட்ட இணையச் சேமிப்பில். அரசு 2015இல் தொடங்கிய டிஜிலாக்கரில் ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைப் பெற்றுவைக்கலாம். மூல ஆவணங்களை நீர் புகாத உறையிலிட்டு உயரமான தட்டில் வையுங்கள். கடவுச்சொல்லை வீட்டில் நம்பிக்கைக்குரிய இன்னொருவரும் அறிந்திருக்கட்டும். இல்லையேல் பூட்டிய பெட்டியோடு சாவியும் மண்ணுக்குள் போய்விடும்.

மஹல்லாவில்: தஃப்தரின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுக்க இரண்டு இளைஞர்களுக்குச் சில நாட்கள் போதும். வெளியாரின் விவரம் என்பதால் அது கண்டவர் கைக்குப் போகாமல் நிர்வாகத்தின் பொறுப்பில் பூட்டிவைக்கப்பட வேண்டும். ஒரு பிரதி பள்ளிவாசலில். மற்றொன்று வேறு ஊரிலுள்ள, நம்பிக்கைக்குரிய ஜமாஅத்தில். அவர்களுடைய பிரதியை நீங்கள் வையுங்கள், உங்களுடையதை அவர்கள் வைக்கட்டும். காகிதத் தஃப்தரையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். மின்சாரம் இல்லாமலும் படிக்க முடிந்த பிரதி அது ஒன்றே.

ஆண்டுக்கொருமுறை, ஹிஜ்ரிப் புத்தாண்டிலோ ஐப்பசி மழைக்கு முன்போ, பிரதியைத் திறந்து நான்கு பக்கங்களைப் படித்துப் பாருங்கள். முளைப்புச் சோதனை செய்த விதையையே காட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் அந்த விவசாயி மீண்டும் வரிசையில் நிற்கிறார். சர்வர் வந்துவிட்டது. இயந்திரம் கடகடவென்று ஒரு தாளைக் கக்குகிறது. அதில் அவர் பெயரும் புல எண்ணும். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையம் நோக்கி நடக்கிறார். அவருடைய வீட்டு உத்தரத்தில் சுரைக்குடுக்கை தொங்குகிறது. நம் வீட்டில்?